முழு மார்க்

சிறுநீரக வார்டில் இருந்த பேச்சியம்மாளின் மணிக்கட்டில், டாக்டரின் பரிவை அவள் மனம் எவ்வளவு உணர்கிறது என்று அளக்கும் பட்டையைக் கட்டியிருந்தார்கள். டாக்டர் இளம்பரிதி தினமும் கட்டிலோரம் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டு பேசுவார். கல்யாணத்துக்கு முன்னால் பெற்றுக் கைவிட்ட மகளைப் பற்றி, புருஷனுக்கும் தெரியாத அந்தக் கதையை, அவரிடம் சொல்லி அழுதாள். அவர் கண்ணும் கலங்கியது.

வெள்ளிக்கிழமை நர்ஸ் பட்டையைக் கழற்றினாள். "டாக்டருக்கு முழு மார்க் வந்திருச்சும்மா. இனி பக்கத்து பெட்டுக்குக் கட்டணும்."

மறுநாள் டாக்டர் அவளைத் தாண்டிப் போய், பக்கத்து பெட் ஸ்டெல்லாவின் கட்டிலில் உட்கார்ந்தார். "தம்பி" என்று பேச்சியம்மாள் கூப்பிட்டதற்கு, திரும்பாமலே, "நர்ஸைக் கேளுங்க" என்றார்.

ஸ்டெல்லா பட்டை கட்டிய கையை அவர் கையில் வைத்தாள். "யார்கிட்டயும் சொல்லாத விஷயம் ஒண்ணு இருக்கு, டாக்டர்…"

பேச்சியம்மாள் எழுந்து உட்கார்ந்து கத்தினாள். "சொல்லிராத தாயி!"