தாழிக்குள் ஒரு சட்டை

சட்டை, அவன் வைத்த இடத்திலேயே இருந்தது.

குகையின் கோடியில் நின்ற பழந்தாழியின் வாய்க்குள், வலைக்குரிய ஈயக்குண்டுகளின் மேல். கடலுக்குப் புறப்படுமுன் கழற்றி மடித்து அங்கேதான் வைப்பான். திரும்பி வந்து அணிவான்.

இம்முறை படகு மட்டும் கரை ஒதுங்கியது.

தேடியவர்கள் ஓய்ந்துவிட்டனர். மாலையில் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். உடல் கிட்டாதவனுக்கு, அவன் உடுத்தியதைப் பெட்டிக்குள் கிடத்துவது ஊர் வழக்கம்.

அதை எடுக்கவே அவன் மனைவி வந்திருந்தாள்.

மணமான புதிதில் இக்குகை முழுதும் தாழிகள் இருந்தன. எக்காலத்து மாந்தரோ தம்முள் இறந்தோரை அவற்றில் இட்டுச் சென்றிருந்தனர். வலை வைக்க இடம் வேண்டி, அவன் ஒவ்வொன்றாய் உடைத்தான். எலும்புகளைப் பனையோலைக் கடவத்தில் அள்ளிச் சென்று, பாறை விளிம்பிலிருந்து கடலில் கொட்டியவள் அவள்.

ஒருமுறை அவள் கை தயங்கிற்று. அவன் அதட்டினான்.

"என்னட்டி முழிச்சிட்டு நிக்க? ஒனக்க பாட்டனா உள்ள கெடக்கான்? செத்தவனுக்குக் கடலு போதும். வலைக்குத்தான் வீடு வேணும்."

அவள் சிரித்தாள். கொட்டினாள்.

சிரிக்காமலேனும் இருந்திருக்கலாம்.

குண்டு போட்டுவைப்பதற்கென இந்த ஒன்றை மட்டும் அவன் உடைக்காமல் விட்டான்.

சட்டையை எடுத்து முகத்தில் வைத்தாள். ஈயமும் உப்பும் மணத்தன. அவன் மணக்கவில்லை.

அவனுடையது வேறேதும் உண்டோ எனக் கையை உள்ளே விட்டுத் துழாவினாள். குண்டுகள் விலகின. அடியில், இறுகிய மண்ணில், ஏதோ ஒன்று தட்டுப்பட்டது.

ஈயம் அன்று. ஈயம் இத்துணை இலேசாய் இராது.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

யாரோ ஒருவரின் விரலெலும்பு.

கடற்பக்கமாகச் சற்று நடந்தாள்.

நின்றாள்.

வெளியிலிருந்து கொழுந்தன் சேசடிமை கூப்பிட்டான். "மைனி, சட்டை கெடச்சா? சாமியாரு வந்தாச்சு."

அவள் உட்கார்ந்து சட்டையை மடியில் விரித்தாள். எலும்பை மார்புப் பைக்குள் இட்டாள். பொத்தானை மாட்டினாள்.

கல்லறைத் தோட்டத்தில், பெட்டி மூடியில் ஆணி அறையுமுன் சேசடிமை குனிந்து, சட்டையின் சுருக்கத்தை நீவிவிட்டான். அவன் கை பையின் மேல் நின்றது.

"உள்ள என்னமோ கெடக்கு, மைனி."

அவள் கடலைப் பார்க்கவில்லை.

"கெடக்கட்டும்," என்றாள். "இனியாவது கெடக்கட்டும்."