ஃபோர்க் பொத்தான்

“நாகுமோ அண்ணே, உங்க காதுல இருக்கிற மச்சம்கூட வந்திருக்கு பாருங்க!”

தொமாரி போட்ட கத்தலில் விடுதிக் கூடமே டிவி பக்கம் திரும்பியது.

வெளியே மழை. மதியப் பயிற்சி ரத்து. பேஸ்பால் அணியின் இளம் ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர் புது வீடியோ கேம் கன்சோலைச் சுற்றிக் குவிந்து கிடந்தார்கள். இருப்பதிலேயே சின்னவன் தொமாரி ஆறு கடைகளில் குலுக்கலுக்குப் பெயர் கொடுத்து, ஒன்றில் ஜெயித்து வாங்கி வந்தது. கூடுதல் விலைக்கு விற்றுவிடக் கூடாதென்று கடைக்காரர் பெட்டி மேலேயே தடித்த மையில் அவன் பெயரை எழுதிக் கொடுத்திருந்தார்.

பழைய கன்சோலின் பேஸ்பால் கேமில் இந்த அணிக்காரர்கள் எல்லோரும் பெருந்தலைப் பொம்மைகள். சட்டை எண்ணைப் பார்த்துத்தான் ஆளைச் சொல்ல முடியும்.

இதில் நாகுமோ நாகுமோவாகவே நின்றான். அதே கூன். வீசுவதற்கு முன் தொப்பியை இரண்டு தடவை இழுத்துவிடும் அதே பழக்கம். இந்தக் கோடையில் அவன் பந்து வீசிய பன்னிரண்டு ஆட்டங்களையும் கேமைச் செய்தவர்களில் யாரோ ஒரு நொடி விடாமல் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள்.

பெருமையாகத்தான் இருந்தது, தொமாரி ஃபோர்க் பொத்தானை அழுத்தும் வரை.

ஃபோர்க்தான் நாகுமோவின் பந்து. இரண்டு விரலுக்கு நடுவே இடுக்கி வீசுவான். நேராக வருகிற மாதிரி வந்து, மட்டைக்கு முன்னால் தொப்பென்று விழும். அந்த ஒரு பந்துக்காகத்தான் அணி அவனை வைத்திருக்கிறது.

திரையில் பந்து விழுந்தது. மட்டை காற்றை வெட்டியது.

வீசிய பொம்மை இடது கையால் வலது முழங்கையை ஒரு தரம் பிடித்துவிட்டது.

“என்ன அண்ணே, ஸ்டைலா?”

எல்லோரும் சிரித்தார்கள். நாகுமோவும் சிரித்தான். தான் அப்படிப் பிடிப்பது அவனுக்கே இப்போதுதான் தெரிந்தது.

ஜூலையிலிருந்து ஒவ்வொரு ஃபோர்க்குக்கும் அவனுடைய வலது முழங்கை சுண்டி இழுக்கிறது. ஒருவரிடமும் சொல்லவில்லை. இன்னும் பத்து நாளில் அக்டோபர். அக்டோபரில் அணி சிலரை ஒப்பந்தம் முடித்து வீட்டுக்கு அனுப்பும். நாலாம் வருடத்துக்காரன் வலி என்று வாயைத் திறந்தால் அந்தப் பட்டியலில் முதல் பெயர் அவனுடையதுதான்.

தினமும் காலையில் பிசியோ ஹிரசாகா கையைத் தொட்டுப் பார்த்து, எப்படி இருக்கிறதென்று கேட்பார். நன்றாக இருக்கிறது என்பான்.

அந்த ஹிரசாகா இப்போது சோபாவுக்குப் பின்னால் நின்று பார்லித் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

“குடுடா இங்க. என்னை நானே ஆடிக்கிறேன்.”

நாகுமோ கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டான். நேர்ப் பந்து. நேர்ப் பந்து. ஒரு மெதுப் பந்து. மறுபடி நேர்ப் பந்து. தொமாரி இன்னொரு கன்ட்ரோலரில் மட்டை பிடித்து விளாசித் தள்ளினான்.

“அண்ணே, ஃபோர்க் போடுங்கண்ணே! உங்களை உங்களுக்கே ஆடத் தெரியலையே!”

“போடறேன் இருடா.”

போடவில்லை. அடுத்த பந்து வேலி தாண்டிப் போனது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த உச்சியுமி மட்டும் சிரிக்கவில்லை. நாகுமோ வீசும் பந்தைப் பிடிக்கிற, எந்தப் பந்து வேண்டுமென்று விரலால் சைகை காட்டுகிற கேட்சர் அவர். அவனுக்கு இரண்டு வருடம் மூத்தவர்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திலும் இதேதான் நடந்தது. உச்சியுமி ஃபோர்க் கேட்டு மூன்று தடவை விரல் காட்டினார். மூன்று தடவையும் நாகுமோ தலையை ஆட்டி மறுத்தான். அப்புறம் அவர் கேட்கவே இல்லை. நேர்ப் பந்து வேலி தாண்டியது, ஆட்டம் போனது. பயிற்சியாளர் அத்தனை பேர் முன்னாலும் உச்சியுமியைத்தான் பிடித்துக் காய்ச்சினார். ஃபோர்க் இருக்கும்போது அதைக் கேட்கத் தெரியாத கேட்சர் எதற்கு என்றார். உச்சியுமி தலை குனிந்து நின்றார்.

நல்ல வேளை, இவருக்கு ஒன்றும் தெரியாது என்று நாகுமோ அன்று நினைத்துக்கொண்டான்.

“எனக்கும் ஒரு பந்து குடுப்பா.” ஹிரசாகா பின்னாலிருந்து கையை நீட்டினார். “அந்த ஃபோர்க்குக்கு எதை அழுத்தணும்?”

கொடுக்காமல் இருக்க ஒரு காரணமும் கிடைக்கவில்லை. தொமாரி பொத்தானைக் காட்டினான். ஹிரசாகா அழுத்தினார்.

நாகுமோ கண்ணை மூடிக்கொண்டான். கூடம் அலறியது. பந்து விழுந்துவிட்டது என்று தெரிந்தது.

கண்ணைத் திறந்தபோது, சோபாவில் உட்கார்ந்திருந்த அவனுடைய இடது கை அவனுடைய வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எப்போது போனதென்றே தெரியவில்லை. எடுக்கப் பார்த்தான். வரவில்லை.

ஹிரசாகா திரையில் இருந்தவனைப் பார்த்தார். பார்வை மெல்ல இவன் பக்கம் திரும்பத் தொடங்கியது.

முடிந்தது என்று நினைத்தான். இரண்டு மாதத்தில் முதல் தடவையாக மூச்சு லேசாக வந்தது.

மடியில் பொத்தென்று ஒரு தலையணை வந்து விழுந்தது. இரண்டு கையும் அதற்கடியில் மறைந்தன. எறிந்தது உச்சியுமி.

ஹிரசாகா இவன் முகத்தைப் பார்த்தார், தலையணையைப் பார்த்தார், சிரித்தார்.

“பொம்மைக்குக்கூட வலி வெச்சிருக்கானுங்கப்பா.”

கன்ட்ரோலரைத் தொமாரியிடம் கொடுத்துவிட்டு டம்ளரைக் கழுவப் போனார்.

உச்சியுமி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் காதோரம் சொன்னார்:

“ஞாயித்துக்கிழமை மாதிரியே நாளைக்கு ஆட்டத்துலயும் ஃபோர்க் கேக்க மாட்டேன். என்னைத் திட்டிக்கட்டும். நீ பேசாம வந்து வீசு.”

நாகுமோ சரியென்று தலையாட்டினான். தலையணைக்கு அடியில் முழங்கை இன்னும் தெறித்துக்கொண்டிருந்தது.

சொல்லுங்கள், உச்சியுமி இடத்தில் நீங்கள் இருந்தால் அந்தத் தலையணையை எறிந்திருப்பீர்களா?