மூடிய கிணறு

அமெரிக்காவின் கான்சஸில் சோள வயல்களுக்கு நடுவே போகும் சாலையோரம், ஊர் வரலாறு பொறித்த ஓர் உலோகப் பலகையருகே முகுந்தன் காரை நிறுத்தினான். அதை வாசித்து மனைவி தேன்மொழிக்குச் சொன்னான். முதன்முதலில் இங்கே குடியேறியவர்கள் வெட்டிய கிணற்றில் ஹானா என்ற சிறுமி விழுந்துவிட்டாள். அவளைத் தூக்க முடியவில்லை. அவள் குரல் நிற்கும்வரை ஊரே சுற்றி உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருந்தது. பிறகு கிணற்றை மூடிவிட்டார்கள்.

"ஐயோ பாவம்" என்று திரும்பிய தேன்மொழி, மகள் ஓவியாவைத் தேடினாள். ஐந்து வயதாகியும் ஒரு சொல்கூடப் பேசாத பிள்ளை. பார்க்காத வைத்தியமில்லை. புல்லுக்குள் கிடந்த அந்தக் கிணற்றின் கல்மூடியின்மேல் அவள் குப்புறப் படுத்துக் காதை வைத்திருந்தாள்.

"இங்கதான் இருக்கேன்" என்றாள் ஓவியா, தெளிவாக. சற்று நேரம் எதையோ உற்றுக் கேட்டாள். "இல்ல, போகமாட்டேன்."



"அவளத் தூக்கு முதல்ல!" என்று கத்திக்கொண்டே முகுந்தன் ஓடிவந்தான்.

தேன்மொழி குறுக்கே வந்து அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவள் கண்கள் நிறைந்திருந்தன.

"கொஞ்சம் இருங்க" என்றாள். "பேசட்டும்."