உண்ணி பார்க்கும் நேரம்

“பேன்ட்டை சாக்ஸுக்குள்ள சொருகாம ஒருத்தரும் வேன்ல ஏறக் கூடாது” என்றாள் மாஜிதா.

அவள் புருஷன் துல்கர்னைனுக்கு அலுப்பாக வந்தது. அருவியில் சொட்டுத் தண்ணீர் இல்லாத பங்குனியாகப் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் லீவு கொடுப்பான். வெளிநாட்டில் புது வேலையில் சேர்ந்து பதினான்கு மாதம் கழித்துக் கிடைத்த முதல் லீவு. முப்பது நாளில் இருபத்தேழு ஓடிவிட்டது. பிள்ளைகளோடு ஒரே ஒரு நாள், பழைய குற்றாலம் பக்கம் சிநேகிதன் சுஹைபின் தோப்புக்குப் போகலாம் என்றால் அதற்கும் சட்டதிட்டம்.

ஹுஸ்னாவும் ஹுஸைஃபாவும் மறுபேச்சு இல்லாமல் சொருகிக்கொண்டார்கள். வெளிர் நிறத்தில் முழுக்கைச் சட்டை. கணுக்காலில் வேப்பெண்ணெய் வேறு. வேன் முழுக்க அந்த வாடைதான்.

“எதுக்கு இந்தக் கோலம்?” என்றான்.

“உண்ணி கடிக்கும். தோப்புல ஆடு மேயுது. வெள்ளைத் துணின்னா ஏறுனது தெரியும்.”

“நாங்கல்லாம் அங்கன உருண்டு பெரண்டு வளந்தவங்கதான். செத்தா போனோம்?”

அவள் வேப்பெண்ணெய் பாட்டிலை நீட்டினாள்; அவன் தள்ளிவிட்டான்.

தோப்பிலும் விட்டபாடில்லை. பாய்க்கு அடியில் தார்ப்பாய். புல்லில் உட்காராதே, ஆடு கட்டின பக்கம் போகாதே, பாதையை விட்டு இறங்காதே. பிள்ளைகள் பொம்மைகள் மாதிரி உட்கார்ந்து பிரியாணி தின்றார்கள். சுஹைப் வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். துல்கர்னைனுக்கு மானம் போயிற்று.

கூட வந்திருந்த அக்கா சுல்தான் பீவி அவன் காதோரம் குனிந்தாள்.

“புல்லுக்குப் பயப்படுதா. புருசனுக்குப் பயப்படலியே.”

அக்கா எதைச் சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியும். போன வருடம் பெருநாள் கழிந்த கையோடு, பன்னிரண்டு நாள் மாஜிதா வீடியோவில் முகமே காட்டவில்லை. இரண்டு வார்த்தை பேசுவாள், வைத்துவிடுவாள். தென்காசியில் உம்மா வீட்டில் இருப்பதாகச் சொன்னாள். அக்கா ஒருநாள் அங்கே போய்ப் பார்த்திருக்கிறாள். பிள்ளைகள் இருந்தார்கள், இவள் இல்லை. பிறகு கேட்டதற்கு, கடைக்குப் போயிருப்பேன் என்றாளாம் மாஜிதா.

தப்பாக எதுவும் நினைக்கவில்லை என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஆனால் நினைத்தான். வருடம் முழுக்க நினைத்தான். வந்த இருபத்தேழு நாளில் அவளை நிமிர்ந்து சரியாகப் பார்த்ததுகூட இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டு, அவளையும் பிள்ளைகளையும் அக்காவின் பார்வையில் விட்டுப் போவது என்று முடிவு செய்திருந்தான். அதை இன்னும் அவளிடம் சொல்லவில்லை.

சாயங்காலம் கடையநல்லூர் வந்து சேர்ந்ததும் அக்காவை அவள் வீட்டில் இறக்கிவிட்டார்கள். வீட்டுக்குள் நுழைந்த வேகத்தில் மாஜிதா எல்லார் துணியையும் கழற்றி வெந்நீரில் போட்டாள். பிள்ளைகளைக் குளிப்பாட்டி டார்ச் அடித்துப் பார்த்தாள். காதுக்குப் பின்னால், அக்குள், முழங்காலுக்குப் பின்பக்கம், தலைமயிர் ஓரம். ஒன்றும் இல்லை. அவர்களைச் சாப்பிட அனுப்பிவிட்டு, “நீங்க வாங்க” என்றாள்.

அவன் இடுப்பில் ஒன்று இருந்தது, எள் அளவில்.

மாஜிதா சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தாள். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டாள். காலண்டரில் தேதியைக் குறித்தாள். ரெண்டு மூணு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், அங்கே டாக்டரிடம் இதை மறக்காமல் சொல்ல வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

அந்தப் பதற்றம்தான் அவனைக் கிளப்பிவிட்டது. ஒரு பூச்சிக்கு இவ்வளவு நாடகமா?

“நான் போன பொறவு இந்த வீடு வேண்டாம். பூட்டிட்டு அக்கா வீட்டுல போயி இரு.”

அவள் கை நின்றது.

“ஏன்?”

“அந்தப் பன்னெண்டு நாள் எங்க இருந்த? நீயாச் சொல்லுவேன்னு ஒரு வருசமாப் பாத்துட்டேன்.”

மாஜிதா அழவில்லை, சண்டைக்கும் வரவில்லை. நாள் முழுக்கப் பிள்ளைகள் பின்னால் ஓடிய களைப்பு முகத்தில் தெரிந்தது. டார்ச்சை அவன் கையில் கொடுத்துவிட்டு, முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள். கொண்டையை அவிழ்த்து முடியை முன்பக்கமாகத் தள்ளினாள்.

“எனக்கும் பாக்க ஒரு ஆள் வேணும்லா. பாருங்க.”

வேண்டா வெறுப்பாக டார்ச் அடித்தான். பிடரியில், முடி தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே, வட்டமாக ஒரு கறுப்பு. சிகரெட்டால் சுட்டது மாதிரி இருந்தது. அவன் பதறி இடுக்கியை எடுத்தான்.

“அதைப் புடுங்காதிய. அது போன வருசம் பெருநாளைக்குக் கடிச்ச தழும்பு. பிள்ளைகளை எங்கயாவது வெளிய கூட்டிட்டுப் போன்னு நீங்க சொன்னிய. அதே தோப்புக்குத்தான் போனோம்.”

துல்கர்னைன் இடுக்கியைக் கீழே வைத்தான். டார்ச்சை அணைக்கக்கூடத் தோன்றவில்லை.

மாஜிதா திரும்பாமலே சொன்னாள்.

“பன்னெண்டு நாளும் உண்ணிக் காய்ச்சல்ல, ஆஸ்பத்திரில மூக்குல குழாயோட கெடந்தேன். நீங்க வேலைல சேந்தே ரெண்டு மாசந்தான் ஆயிருந்துச்சு. மூஞ்சியைக் காட்டியிருந்தா, வேலையை விட்டுட்டு அன்னைக்கே கெளம்பி வந்திருப்பிய.”