உள்ளங்கைச் சூடு

தை பிறந்தால் ஐஸ் பேக்டரிக்கு ஒரே ஆபரேட்டர் போதும் என்று முதலாளி சொன்ன அன்றே, தங்கள் இருவரில் வேலையை விட்டுப் போகிறவன் சூசைதான் என்று வியாகுலம் முடிவு கட்டிவிட்டான். சர்வீசுக்கு நிறுத்திய கம்ப்ரசரின் வயிற்றில் கேஸ் திரவமாக இறங்கித் தேங்கிவிடும். அடியிலுள்ள ஹீட்டர் விடிய விடியச் சுட்டு அதை விரட்ட வேண்டும். விரட்டாமல் ஓட்டினால் எடுத்த எடுப்பிலேயே வால்வு நொறுங்கும். சுவிட்சைப் போட்டவன் தலைதான் உருளும். வியாகுலம் முந்தின இரவே ஹீட்டர் ஒயரைக் கழற்றிவிட்டான். ஓட்டுமுன் வயிற்றில் ஒரே இடத்தில் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்ப்பது சூசையின் வழக்கம். காலையில் அந்த இடத்தில் மட்டும் வியாகுலம் வெந்நீரில் முக்கியெடுத்த சாக்கை அழுத்திப் பிடித்திருந்து, செருப்புச் சத்தம் கேட்டதும் எடுத்து ஒளித்தான்.

சூசையோடு முதலாளியும் வந்து நின்றார். சூசை குனிந்து கை வைத்தான். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரமே வைத்திருந்தான்.

"என்னடே, சூடு இருக்கா?" என்றான் வியாகுலம்.

"நல்ல சூடு." சூசை நிமிர்ந்து, ஈரமான உள்ளங்கையைக் கைலியில் நிதானமாகத் துடைத்தான். "மொதலாளி, சர்வீஸ் முடிஞ்சு மொத ஓட்டம். வியாகுலத்துக்குத்தான் ராசியான கை. அவனே போடட்டும்."

"அதுவும் சரிதான். போடுடே," என்றார் முதலாளி.

வியாகுலத்தின் கை சுவிட்சுக்குப் போக மறுத்தது. சூசை அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடியே, தன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டான்.