கரண்ட் திருடன்

மெயின் போர்டின் மூடியைக் கழற்றியதும் கருகிய வாடை குப்பென்று வீசியது. உள்ளே வயர்கள் உருகி ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன.

“இவ்வளவு லோடா சார் ஏத்துவீங்க?” என்றார் எலக்ட்ரீஷியன்.

செய்தி கேட்டு, ஆபீஸிலிருந்து வரும் வழியில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்த அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். உள்ளறைக் கதவுக்கு மேலே, சுவரில் புதிதாகப் போட்ட துளை வழியே ஒரு வயர் பக்கத்து வீட்டுக்குப் போயிருந்தது. பாகம் பிரித்த அந்தப் பாதி வீட்டில் தம்பி இருந்தான். இருவரும் பேசி ஆறு வருடம் ஆகிறது.

“கரண்ட் திருட்டுப் பயலே!” என்று கத்தியபடி கட்டிங் பிளையரைப் பிடுங்கிக்கொண்டு நாற்காலியில் ஏறினார்.

“என்னங்க, கொஞ்சம் கேளுங்க...” என்றாள் மனைவி.

“நீ வாயை மூடு!”

எலக்ட்ரீஷியன் பாய்ந்து கையைப் பிடித்தார். “தொடாதீங்க சார்! உங்க மெயினை நான் வந்ததுமே ஆஃப் பண்ணிட்டேன். கரண்ட் அங்கிருந்துதான் இங்க வருது.”

அண்ணன் திகைத்து மனைவியைப் பார்த்தார்.

“போர்டு எரிஞ்சதும் மாமாவோட ஆக்சிஜன் மிஷின் நின்னுபோச்சு. கொழுந்தனார்தான் ஓடிவந்து சுவத்தைத் துளைச்சு வயர் இழுத்தாரு. நீங்க சொல்ல விட்டாத்தானே?”

உள்ளறையில் மிஷின் ஓடும் சத்தம் அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. நாற்காலியிலிருந்து இறங்கினார்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தம்பியின் குரல் வந்தது.

“அண்ணி, அது அப்பாவுக்கு மட்டும்தான். உங்க வீட்டுக்காரர் அதுல ஃபேனை மாட்டிட்டுக் காத்து வாங்க வேணாம்னு சொல்லிடுங்க!”