கிண்ணத்தின் அடியில்

பிலோமி தினமும் காலையில் தான் காயவைத்து விற்கும் கருவாட்டைப் படம்பிடித்து இன்ஸ்டாகிராமில் போடுவாள். காய்ச்சல் கண்ட நாட்களிலும் விட்டதில்லை. அன்று அதன் கீழே, கருவாடு வாங்கிய ஒரு பெண், "ஒரே மணல். பிள்ளை வாயில் வைத்ததும் துப்பிவிட்டான்" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதியிருந்தாள்.

"ஏளா, அத அழிச்சிரு. இருக்க ஆளும் ஓடிரும்" என்றார் கணவர் ரூபர்ட்.

அவளுக்கும் கை பரபரத்தது. ஆனால் அழிக்காமல் நேரலையைத் தொடங்கினாள். அந்தப் பெண்ணுக்கு அனுப்பிய அதே சாக்கிலிருந்து ஒரு பிடி நெத்திலியை அள்ளி, வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அலசினாள். மீனை எடுத்த பிறகு அடியில் மணல் படிந்திருந்தது. கிண்ணத்தைக் கேமராவுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"அக்கா சொன்னது நெசந்தான். இந்தச் சாக்குல ஒண்ணையும் விக்க மாட்டேன்" என்றாள்.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எழுபதிலிருந்து பதினொன்றாகக் குறைந்தார்கள். ரூபர்ட் வெளியே போனார். கடற்கரை மணலில் காயப்போட்டிருந்த மீனையெல்லாம் கூடையில் வாரினார். நான்கு கம்புகளை நட்டு, இடுப்புயரத்தில் பழைய வலையை விரித்துக் கட்டத் தொடங்கினார்.

"இதையும் அவங்களுக்குக் காட்டுளா" என்றார், திரும்பிப் பார்க்காமல்.